ஸ்காட்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: இலையுதிர்கால வெயில் நாளில் தனியாக மலை ஏறலாமா?

கிளாஸ்கோவுக்குப் படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, இந்த வாரம் நல்லா வெயில் அடிக்கும்னு போட்டிருக்கான். கூட வர ஆள் யாரும் இல்ல. தனியா மலைக்குப் போகலாமா, இல்ல அடுத்த கோடை வரைக்கும் பொறுக்கணுமா?" செப்டம்பரில் புது மாணவர்கள் வந்து இறங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போகலாம் தம்பி. கோடைக்காகக் காத்திருக்கவே வேண்டாம். கோடையில் மிட்ஜ் என்கிற பொடிக்கொசு மொய்த்து எடுக்கும், ஓர் இடத்தில் நின்று தண்ணீர் குடிக்க விடாது. அக்டோபரில் அதன் தொல்லை அநேகமாக முடிந்திருக்கும். மழை ஓய்ந்த மறுநாள் காற்று அவ்வளவு தெளிவாக இருக்கும், அடுக்கடுக்காக மலை தெரியும். சரிவுப் புல்லெல்லாம் செம்பழுப்பாக மாறியிருக்கும், பிர்ச் மரங்கள் மஞ்சளாக நிற்கும். மேற்குத்தொடர்ச்சி மலையில் பல இடங்களுக்குப் போக வனத்துறை அனுமதி வாங்கிப் பழகியவர்கள் நாம். இங்கே 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொள்ளும் எவரும் தனியார் மலையிலும் நடக்கலாம். டிக்கெட் கிடையாது, அனுமதிச் சீட்டு கிடையாது. விசாவில் வந்தவருக்கும் அதே உரிமைதான்.

ஆனால் ஒன்றை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்தில் வெயிலைப் பார்த்து ஏமாறக் கூடாது, பொழுதைக் கணக்குப் பண்ணித்தான் கிளம்ப வேண்டும். நம் ஊரில் எந்த மாதமானாலும் ஆறு, ஆறரைக்கு இருட்டும். அந்தக் கணக்கு உடம்பிலேயே ஊறிப்போயிருக்கிறது. கிளாஸ்கோவில் அக்டோபர் தொடக்கத்தில் ஏழு மணிக்குச் சற்று முன் சூரியன் மறையும், மாத நடுவில் ஆறேகால். மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அன்றிலிருந்து ஐந்து மணிக்குள் அஸ்தமனம். நவம்பர் கடைசியில் நாலு மணிக்கு முன்பே. போன வாரம் நண்பர் ஏறிய அதே மலை, அதே நேரத்துக்குக் கிளம்பினாலும், உங்களுக்கு இருட்டில் முடியலாம்.

கார் இல்லாதவருக்கு முதல் மலையாக நான் சொல்வது ஆரோக்கர் ஊருக்கு மேலே இருக்கும் காப்லர். உயரம் 884 மீட்டர். கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து வெஸ்ட் ஹைலேண்ட் ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் ஆரோக்கர் அண்ட் டார்பெட் நிலையம். அங்கிருந்து லாக் லாங் நீர்நிலையின் தலைப்பகுதியைச் சுற்றி சக்கத் கார் நிறுத்தம் வரை நடக்க அரை மணிக்கு மேல் ஆகும். எதிரே சாலையைக் கடந்தால் பாதை வளைந்து வளைந்து மேலே போகிறது. ஒரு சிறிய தடுப்பணை வரும், பிறகு ஓடையின் ஓரமாகவே நடை. நார்னைன் பாறைகள் என்று இரண்டு பெரும் பாறைகள் வரும். காலைப் பலகாரத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டியதும் பாதை பிரியும். இடப்பக்கம் போவது சுருக்கம், ஆனால் செங்குத்து, கல்லும் கரடும். நேராகப் போய்க் கணவாயைத் தொட்டு, அங்கிருந்து கற்படிகளில் ஏறுவது கொஞ்சம் சுற்று, ஆனால் காலுக்கு நல்லது. தனியாகப் போகிறவர் இந்த இரண்டாவது வழியிலேயே ஏறி, அதிலேயே இறங்குங்கள்.

உச்சியில் ஒரு பாறைத் தூண் நிற்கும். அதில் இருக்கும் துளைக்குள் நுழைந்து, ஒடுங்கிய விளிம்பில் நடந்து மேலே ஏறுவார்கள். பார்க்கும்போது ஆசை வரும். கீழே வெறும் ஆகாயம். தனியாக இருக்கும் அன்று அதைத் தொடவே வேண்டாம், பாறை ஈரமாக இருந்தால் யாருடன் போனாலும் வேண்டாம். பக்கத்திலேயே வடக்குச் சிகரத்தில் நின்றால் லாக் லாங் முழுக்கத் தெரியும், அந்தப் பக்கம் பென் லோமண்ட் மலை, வானம் சுத்தமாக இருந்தால் தெற்கே ஆரன் தீவின் மலைகள் வரைக்கும்.

இப்போது கணக்கு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு விதி சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். காப்லர் போய்வர ஏறத்தாழ 11 கிலோமீட்டர், ரயில் நிலைய நடையும் சேர்ந்தால் 16. அதற்கு மூன்றேகால் மணி, ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, மொத்தம் நாலே முக்கால். இது நிற்காமல் நடக்கும் பழகிய கால்களுக்கு. சாப்பாடு, போட்டோ, இறங்கும்போது முட்டி வலித்து மெதுவாவது எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம் என்று வையுங்கள். பத்துக்கு நடக்கத் தொடங்கினால் ஐந்துக்கு நிலையத்தில் இருப்பீர்கள். அக்டோபர் நடுவில் இது வசதியான நாள். நவம்பரில் இதே திட்டம் ஆபத்து.

அதனால் கிளம்பும் முன்பே 'திரும்பும் நேரம்' ஒன்றைக் குறித்துவிடுங்கள். மேலே சொன்ன கணக்கில் அது மதியம் இரண்டு மணி. உச்சி கண்ணுக்கு எதிரே இருபது நிமிட தூரத்தில் இருந்தாலும், இரண்டு அடித்தால் திரும்ப வேண்டும். கூட ஆள் இருந்தால் அவர் சொல்லுவார், "போதும், இறங்கலாம்" என்று. தனியாகப் போகும்போது அந்த வார்த்தையை வீட்டிலேயே எழுதி எடுத்துப்போக வேண்டும். அந்தத் தடத்தில் ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான், ஞாயிறன்று நேரமும் மாறும். திரும்பும் ரயிலையும் அதற்கடுத்ததையும் பார்த்து வையுங்கள். கேம்பல்டவுன் போகும் சிட்டிலிங்க் பஸ் ஆரோக்கர் வழியாகவே போவதால் அந்த நேரத்தையும் குறித்துக்கொண்டால் நிம்மதி.

வானிலைக்கு போனில் இருக்கும் சாதாரண ஆப் போதாது, அது ஊரின் வானிலையைத்தான் சொல்லும். எம்.டபிள்யூ.ஐ.எஸ். என்ற மலை வானிலைச் சேவை இலவசம். உச்சியில் காற்று எவ்வளவு, அந்தக் காற்றில் நடக்க முடியுமா, 900 மீட்டரில் எத்தனை டிகிரி, சிகரங்கள் மேகமில்லாமல் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று தனித்தனியாகச் சொல்வார்கள். ஊரில் 12 டிகிரி என்றால் மேலே ஆறு, காற்றடித்தால் உடம்புக்கு அதைவிடக் கீழே. முந்தைய நாள் மாலையில் ஒரு முறை, காலையில் கிளம்பும்போது ஒரு முறை பாருங்கள்.

உடைக்குப் பெரிய செலவு வேண்டாம். ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி டிஷர்ட்டும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, நின்ற இடத்தில் குளிர் ஏறிவிடும். பாலியெஸ்டர் டிஷர்ட், அதன்மேல் ஃப்ளீஸ், பையில் மழைக்கோட்டும் மழைப் பேன்ட்டும். சாரிட்டி ஷாப்பில் ஃப்ளீஸ் மலிவாகக் கிடைக்கும். காசைச் சேர்த்துவைத்து ஷூவில் போடுங்கள், அடிப்பாகம் நன்றாகப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் வெயில் நாளிலும் பாதை ஈரமாக, சேறாகத்தான் இருக்கும். வெளிர் பச்சையாக மெத்தென்று தெரியும் இடத்தில் கால் வைக்காதீர்கள், முழங்கால்வரை உள்ளே போகலாம். குல்லா, கையுறை, தலையில் மாட்டும் டார்ச், விசில், பவர் பேங்க், இவையெல்லாம் வெயிலடித்தாலும் பையில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் புளிசாதத்தை அடிக்க ஒன்றுமில்லை, குளிரிலும் நன்றாக இருக்கும். பிளாஸ்க்கில் சூடாக டீ.

இன்னும் ஒன்று, இது இந்தப் பருவத்தில் அடிக்கடி கிடைப்பது. காற்றழுத்தம் அதிகமாக, இரவு மேகமில்லாமல் இருந்த மறுநாள் காலையில் கீழே ஊரெல்லாம் மூடுபனியாக இருக்கும். ஜன்னலைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு ஒண்ணும் தெரியாது" என்று படுத்துவிடாதீர்கள். குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, மேலே சூடான காற்று மூடிபோட்டது போல நிற்கும். ஏற ஏறப் பனி வெளுத்துக்கொண்டே வந்து, சட்டென்று தலைக்கு மேல் நீலவானம். கீழே வெண்மேகக் கடல், அதில் தீவுகளாகச் சிகரங்கள் மட்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்து நின்றால், உங்கள் நிழல் அந்த மேகத்தின் மேல் பெரிதாக விழும், தலையைச் சுற்றி வண்ண வளையம் இருக்கும். 1894 செப்டம்பரில் பென் நெவிஸ் உச்சியிலிருந்த வானிலை நிலையத்தில் இதைப் பார்த்துத்தான் சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்க முயன்றார். அந்த முயற்சி, கண்ணுக்குத் தெரியாத துகள்களின் தடத்தைக் காட்டும் 'மேக அறை' என்ற கருவியில் போய் முடிந்தது, 1927-இல் நோபல் பரிசும் கிடைத்தது. எம்.டபிள்யூ.ஐ.எஸ். அறிக்கையில் பள்ளத்தாக்கில் மூடுபனி, சிகரங்கள் தெளிவு என்று இருந்தால் வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள்.

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை ஆண் மான்கள் உறுமும் காலமும்கூட. சரிவுகளிலிருந்து கனத்த குரல் வரும், பயப்பட வேண்டாம். தூரத்திலேயே நின்று பாருங்கள், நெருங்காதீர்கள். சில மலைகளில் மான் வேட்டை நடக்கும் நாள்களை அறிவிப்புப் பலகையில் போட்டிருப்பார்கள், அவர்கள் சொல்லும் பாதையிலேயே போவது மரியாதை. இரவு குளிக்கும்போது உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தொடை, முழங்காலின் பின்பக்கம், இடுப்பு எல்லாம் பாருங்கள். இருந்தால் நுனிக்கூர் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பிந்தைய வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் ஜி.பி. எனப்படும் உங்கள் குடும்ப மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

பின்னூட்டத்தில் ஒரு தங்கை கேட்டிருந்தார், பெண் தனியாகப் போவது சரிவருமா என்று. நான் போகிறேன் தங்கச்சி, தைரியமாகச் சொல்கிறேன். வெயிலடிக்கும் சனிக்கிழமையில் காப்லரிலோ பென் லோமண்டிலோ உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் இருக்கும். எதிரே வருபவர்கள் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். கூட்டம் வேண்டாமென்றால் வார நாளில் போங்கள். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இதில் பெரிய வசதி, வெயில் எந்த நாளில் வருகிறதோ அந்த ஓய்வு நாளைப் பிடித்துக்கொள்ளலாம். மேலே கழிப்பறை கிடையாது என்பதால் ஊரிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள். அவசரமென்றால் ஓடையிலிருந்து முப்பது மீட்டராவது தள்ளிப் போக வேண்டும், மலமானால் குழி தோண்டி மூட வேண்டும். பேப்பர், பேட் எல்லாம் பையில் திரும்பி வரட்டும்.

கிளம்பும் முன் வீட்டில் கூட இருப்பவருக்கு நாலு வரி மெசேஜ்: எந்த மலை, எந்தப் பாதை, எந்த ரயிலில் திரும்புகிறேன், எத்தனை மணிக்குள் நான் பேசாவிட்டால் 999 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். ஊரில் இருக்கும் அம்மாவிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். அங்கே அப்போது நள்ளிரவு, அவர்களால் பதறத்தான் முடியும்.

மலையில் அடிபட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ் கேளுங்கள், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று சொல்லுங்கள். வருபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வருகிறவர்கள். காசு கேட்க மாட்டார்கள், பில்லுக்குப் பயந்து அழைக்காமல் இருந்துவிடாதீர்கள். பேசும் அளவுக்கு சிக்னல் இல்லாத இடத்தில் 999-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம், ஆனால் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ரெஜிஸ்டர்' என்று 999-க்கு இன்றே மெசேஜ் அனுப்பி, வரும் பதிலில் சொன்னபடி செய்யுங்கள். போனே வேலை செய்யாவிட்டால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. இரவானால் டார்ச்சிலும் அதே கணக்கு.

பென் நெவிஸ் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். 1345 மீட்டர், போய்வர ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம். கிளாஸ்கோவிலிருந்து ரயிலிலேயே போக நாலு மணிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே நாளில் நடக்காத காரியம். உச்சி அகலமான கல்வெளி, வடபக்கம் நேர்செங்குத்துப் பள்ளம், மேகம் மூடினால் வரைபடமும் திசைகாட்டியும் பார்த்து நடக்கத் தெரிய வேண்டும். நீண்ட பகல் வரும் ஜூனுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். காப்லருக்குப் பக்கத்திலேயே 1011 மீட்டரில் பென் ஈமாவும் 926 மீட்டரில் பென் நார்னைனும் இருக்கின்றன, இரண்டும் மன்ரோக்கள், அதாவது 3000 அடிக்கு மேற்பட்ட 282 மலைகளின் பட்டியலில் வருபவை. காப்லர் சுலபமாக முடிந்தால் அடுத்த நல்ல நாளில் அந்தக் கணவாயிலிருந்தே அவற்றை ஏறலாம்.

அபர்டீன்காரர்கள் பென்னஹியின் மிதர் டாப் சிகரத்தில் தொடங்குங்கள், 518 மீட்டர்தான், உச்சியில் பழங்காலக் கோட்டைச் சுவர் உண்டு. ஸ்டர்லிங் மாணவர்களுக்கு 418 மீட்டரில் டமையட் பல்கலைக்கழகத்தின் பின்னாலேயே இருக்கிறது. எடின்பரோவில் பென்ட்லண்ட் குன்றுகளுக்கு நகரப் பஸ்ஸிலேயே போகலாம்.

தம்பி, வரைபடத்தை இன்றிரவே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காட்டுப் பகுதியில் சிக்னலை நம்ப முடியாது. தாளில் அச்சிட்ட ஆர்டினன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடம் நூலகத்தில் கிடைக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். போய்வந்ததும் கணவாய்க்கு மேலே பாதை எவ்வளவு ஈரமாக இருந்தது என்று இங்கேயே எழுதுங்கள், அடுத்த வாரம் இன்னும் ரெண்டு பேர் அதே பாதையில் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.