கன்ட்ரோலர் இணைந்தவுடன் டிவி தானாகவே கணினியின் எச்டிஎம்ஐ இன்புட்டுக்கு மாற வழி உண்டா?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டு டிவியின் முதல் எச்டிஎம்ஐ போர்ட்டில் செட்டாப் பாக்ஸும், இரண்டாவதில் லினக்ஸ் நிறுவிய கணினி ஒன்றும் இணைக்கப்பட்டுள்ளன. விளையாட உட்காரும்போது கன்ட்ரோலரின் நடுப்பொத்தானை அழுத்தினால், அது புளூடூத் வழியாகக் கணினியோடு உடனே இணைந்துவிடுகிறது. டிவி மட்டும் செட்டாப் பாக்ஸிலேயே நிற்கிறது. பிறகு ரிமோட்டைத் தேடி எடுத்து, சோர்ஸ் பொத்தானை அழுத்தி, திரையின் ஓரத்தில் வரும் பட்டியல் மறைவதற்குள் இரண்டாவது எச்டிஎம்ஐக்கு நகர்ந்து, ஓகே கொடுக்க வேண்டியிருக்கிறது. சற்றுத் தாமதித்தாலும் பட்டியல் மறைந்துவிடுவதால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

விளையாட்டுக் கன்சோல்களில் கன்ட்ரோலரை இயக்கியதுமே டிவி அந்த இன்புட்டுக்குத் திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எச்டிஎம்ஐயில் இணைந்த சாதனங்கள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்ப உதவும் சிஇசி வசதியை எங்கள் டிவியின் செட்டிங்ஸில் இயக்கி வைத்தும் கணினியைப் பொறுத்தவரை எந்த மாற்றமும் இல்லை. இதைக் கணினியிலும் செய்ய முடியுமா, முடியுமென்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நண்பரே, உங்கள் டிவியில் குறை எதுவும் இல்லை. சிஇசி என்பது எச்டிஎம்ஐ கேபிளின் 13ஆவது பின் வழியாகச் செல்லும், மிகவும் மெதுவான ஒற்றைக் கம்பித் தொடர்பு. படமும் ஒலியும் செல்லும் பாதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கணினிகளில் பொருத்தப்படும் கிராஃபிக்ஸ் கார்டுகளில் பெரும்பாலானவற்றின் எச்டிஎம்ஐ போர்ட், சிஇசி மொழியில் பேசுவதே இல்லை. ஆகவே டிவியில் இந்த வசதியை எத்தனை முறை இயக்கினாலும் மறுமுனையில் பேச ஆள் இல்லை. இதே வசதியைச் சாம்சங் எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜி சிம்பிளிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைப்பதால் பலர் இவற்றை வெவ்வேறு வசதிகளாக எண்ணிவிடுகிறார்கள்.

கன்சோல் செய்வது இரண்டே காரியங்கள்தான். முதலில் 04 என்ற எண்ணுள்ள செய்தியை டிவிக்கு அனுப்பி, அது உறக்கத்தில் இருந்தால் எழுப்புகிறது. அடுத்து 82 என்ற எண்ணுள்ள செய்தியை அனைவருக்கும் பொதுவாக அனுப்பி, "இப்போது படம் தருவது நான்தான், என் முகவரி இது" என்று அறிவிக்கிறது. அந்த முகவரி டிவியின் எந்தப் போர்ட் என்பதைக் குறிக்கும்: உங்கள் கணினிக்கு 2.0.0.0. இடையில் ஒரு ஆடியோ ரிசீவர் இருந்தால் கணக்கு மாறும். ரிசீவர் டிவியின் முதல் போர்ட்டிலும், கணினி ரிசீவரின் இரண்டாவது போர்ட்டிலும் இருந்தால் முகவரி 1.2.0.0 ஆகிவிடும். பலர் தடுமாறும் இடம் இதுதான்.

கணினிக்கு இந்தத் திறனைச் சேர்க்க, பல்ஸ்-எய்ட் நிறுவனத்தின் யுஎஸ்பி சிஇசி அடாப்டர் போன்ற ஒன்று வேண்டும். எச்டிஎம்ஐ கேபிள் அதன் வழியாக டிவிக்குப் போகும். அதிலிருந்து தனியாக ஒரு யுஎஸ்பி கேபிள் கணினிக்குத் திரும்பும். மேலே சொன்ன செய்திகளை லிப்சிஇசி என்ற இலவச மென்பொருளைக் கொண்டு அனுப்பலாம்.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கம் டிவியின் பக்கத்தைத் தெளிவாக்கிவிட்டது. கன்ட்ரோலர் இணைந்ததைக் கணினி எப்படி அறிவது என்பது அதிலிருந்து வேறுபட்ட கேள்வி. லினக்ஸில் புதிதாக எந்தச் சாதனம் வந்தாலும், சாதனங்களை நிர்வகிக்கும் யூடெவ் என்ற பகுதி அதைக் கவனிக்கிறது. விளையாட்டுக் கன்ட்ரோலர் என்றால் ஜாய்ஸ்டிக் என்ற அடையாளத்தையும் சேர்க்கிறது. அந்த அடையாளம் உள்ள சாதனம் சேரும்போது, சிஇசி செய்திகளை அனுப்பும் சிறு நிரலை (ஸ்கிரிப்டை) ஓட்டுமாறு ஒரு விதி எழுதினால் போதும்.

இரண்டு இடங்களில் கவனமாக இருங்கள். யூடெவ் விதியிலிருந்து நேரடியாக ஓட்டப்படும் நிரல், அந்த நிகழ்வு கையாளப்பட்டு முடிந்ததும் நிறுத்தப்பட்டுவிடும். சிஇசி அடாப்டரைத் திறந்து செய்தி அனுப்பச் சில நொடிகள் ஆகும் என்பதால், வேலையைப் பாதியில் இழந்துவிடுவீர்கள். எனவே, லினக்ஸின் பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஒரு சேவையை அமைத்து, விதி அதை எழுப்பட்டும். செய்தியை அந்தச் சேவை அனுப்பட்டும். அடுத்ததாக, ஒரே கன்ட்ரோலர் லினக்ஸுக்குப் பல சாதனங்களாகத் தெரியும். பிளேஸ்டேஷன் 4இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4ஐ இணைத்தால் பொத்தான்களுக்கு ஒன்று, டச்பேடுக்கு ஒன்று, அசைவு உணரிக்கு ஒன்று எனத் தனித்தனியே பதிவாகும். பொத்தான்களுக்கு மட்டுமே கூட இரண்டு கோப்புகள் உருவாகும். விதி தளர்வாக இருந்தால் டிவிக்கு ஒரே கட்டளை அடுத்தடுத்துப் பறக்கும். சேவை செய்தியை அனுப்பிய பின் ஒரு பத்து நொடி உயிரோடு காத்திருக்குமாறு எழுதிவிட்டால், அதற்குள் வரும் அழைப்புகள் புதிதாக எதையும் தொடங்காது.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அடாப்டர் வாங்கி, நீங்கள் சொன்னபடி விதியையும் சேவையையும் எழுதினேன். முதல் முறை நடுப்பொத்தானை அழுத்தி, கன்ட்ரோலரின் விளக்கு சிமிட்டி நிலைத்த சில நொடிகளில் திரை ஒருமுறை கறுத்துக் கணினியின் முகப்பு வந்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

ஆனால் இன்று காலை ஒரு சிக்கல். வீட்டில் எல்லோரும் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கன்ட்ரோலரைச் சார்ஜ் செய்வதற்காகக் கணினியில் கேபிளைச் செருகினேன். உடனே செய்தி மறைந்து கணினித் திரை வந்துவிட்டது. சார்ஜ் செய்வதையும் விளையாட வருவதையும் கணினி பிரித்தறிய வழி உண்டா?

மறுமொழி 2

உண்டு. கேபிளில் செருகினாலும் அது விளையாட்டுக் கன்ட்ரோலராகவே பதிவாவதால்தான் இப்படி நடந்தது. ஒவ்வொரு உள்ளீட்டுச் சாதனமும் எந்த வழியாக வந்தது என்பதை லினக்ஸ் ஓர் எண்ணாகக் குறித்து வைக்கிறது: யுஎஸ்பி என்றால் 0003, புளூடூத் என்றால் 0005. விதியில் 0005 என்ற நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள். கேபிளில் வைத்து விளையாடும் வழக்கம் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது, உங்களுக்குப் பொருந்தும்.

மறுமொழி 3

அடாப்டர் வாங்க விரும்பாமல் இந்த இழையைப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் எச்டிஎம்ஐ போர்ட்டில் சிஇசி உள்ளமைந்தே வருகிறது. ஏற்கெனவே டிவியில் ஒரு பை இணைந்திருந்தால், கணினி நெட்வொர்க் வழியாக அதற்குச் சொல்லி, 82ஆம் செய்தியைக் கணினியின் முகவரியோடு அனுப்பச் செய்யலாம். தன்னுடையதல்லாத முகவரியை ஒரு சாதனம் அறிவிப்பது நெறிப்படி சரியல்ல என்றாலும் பல டிவிகள் இதை ஏற்றுக்கொண்டு மாறிவிடுகின்றன; என் டிவியில் நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். டிவிக்குப் பதிலாகக் கணினி மானிட்டர் என்றால் சிஇசி தேவையே இல்லை. டிடிசி என்ற வேறு தடத்தில் இன்புட்டை மாற்றும் கட்டளை பெரும்பாலான மானிட்டர்களுக்குப் புரியும். லினக்ஸில் டிடிசியூடில் என்ற மென்பொருள் அதைச் செய்துதரும்.

கேட்டவர்

0005 நிபந்தனையைச் சேர்த்த பிறகு சார்ஜ் செய்யும்போது டிவி அசையவில்லை. மிக்க நன்றி. கன்ட்ரோலர் துண்டிக்கப்பட்டதும் டிவியைச் செட்டாப் பாக்ஸுக்கே திருப்பிவிடும் எதிர்விதி ஒன்றையும் எழுதலாம் என்று நினைக்கிறேன். 9டி என்ற செய்தி அதற்குத்தானே?

மறுமொழி 1

அந்தச் செய்தி, "நான் இனிப் படம் தரவில்லை" என்று டிவியிடம் சொல்வதற்கானதுதான். எந்த இன்புட்டுக்குப் போவது என்பதை டிவிதான் முடிவு செய்யும். ஒவ்வொரு தயாரிப்பும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். அதைவிட முக்கியமான காரணத்துக்காக இந்த எதிர்விதியை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கன்ட்ரோலர் இணைவது மனிதர் ஒருவர் பொத்தானை அழுத்தியதால் நடப்பது, துண்டிக்கப்படுவது அப்படியல்ல. பேட்டரி தீரலாம், சிக்னல் விட்டுப்போகலாம். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை 15 நிமிடம் தொடாமல் விட்டால் தானாகவே அணைந்துவிடும். விளையாட்டின் நடுவே வரும் நீண்ட காட்சியையோ, அதே கணினியில் ஒரு படத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை திடீரெனச் செட்டாப் பாக்ஸுக்குத் தாவினால், ரிமோட்டைத் தேடும் வேலை மீண்டும் உங்கள் தலையில்தான் விழும். திரும்புவதைக் கணினியை அணைக்கும் கட்டளையோடு இணைத்துவிடுங்கள். அணைப்பது நீங்களாகச் செய்வது.

கேட்டவர்

நேற்று இரவு ஒரு காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கன்ட்ரோலர் தானாகவே அணைந்தது. டிவி அப்படியே நின்றது. நீங்கள் சொன்னது சரி. அணைக்கும்போது மட்டும் 9டி செய்தி போகுமாறு சேவையை மாற்றிவிட்டேன், எங்கள் டிவி அதைப் பெற்றதும் செட்டாப் பாக்ஸுக்குத் திரும்புகிறது.