குடிநீர்த் துறைக்கு வந்தவர்கள் ஏன் போனார்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உதவிப் பொறியாளர், கூட்டுக் குடிநீர்த் திட்டம்:

எங்கள் கோட்டத்தில் ஒரே நாளில் மூன்று பெண்கள் வேலைக்குச் சேர்ந்தோம். நாலாவது வருஷம் நான் மட்டும்தான் மிச்சம். ஒருத்தி ஐ.டி. பக்கம் போய்விட்டாள், இன்னொருத்தி மாறுதல் வாங்கிக்கொண்டு டிசைன் பிரிவுக்குப் போனாள். இரண்டு பேருமே வேலையில் கெட்டிக்காரிகள்.

எங்கள் ஹெட்வொர்க்ஸ், அதாவது தண்ணீர் எடுக்கும் இடம், கொள்ளிடம் ஆற்றுக்குள் இருக்கும் கலெக்டர் வெல் என்ற நீர்சேகரிப்புக் கிணறு. கரையிலிருந்து நடைபாலத்தில் போக வேண்டும். அங்கே மோட்டாருக்கு அறை உண்டு, பேனல் போர்டுக்கு அறை உண்டு, வாட்ச்மேனுக்குக் கட்டில்கூட உண்டு. கழிப்பறை மட்டும் கிடையாது. ஆண்கள் மணல் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். நாங்கள் சைட்டுக்குப் போகிற நாளில் காலை காபியோடு சரி, அப்புறம் சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டோம். மோட்டார் மாற்றுகிற வேலை என்றால் சித்திரை வெயிலில் பத்து மணி நேரம் அப்படியே நிற்க வேண்டியிருக்கும். எனக்கு இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்தேன். லீவு லெட்டரில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதினேன். காரணத்தை யாரிடம் சொல்வது?

ஆறாவது வருஷம் புதிதாக வந்த செயற்பொறியாளர் ஆய்வுக்கு வந்தார். கிளம்பும்போது சாதாரணமாகத்தான் கேட்டார்: “இங்க நீங்க எங்கம்மா போவீங்க?” எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த பராமரிப்பு எஸ்டிமேட்டிலேயே கரையோரம் ஒரு கழிப்பறை சேர்ந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு பெண் பிள்ளைகளும் இன்றுவரை எங்களோடுதான் இருக்கிறார்கள்.

28 நாடுகளில் 64 குடிநீர் நிறுவனங்களை ஆராய்ந்து உலக வங்கி 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஊழியர்களில் பெண்கள் சராசரியாக 18 சதவீதம்தான். பெண்கள் விண்ணப்பிப்பதில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வந்தவர்கள் ஏன் போனார்கள் என்றும் கேட்க வேண்டும். உங்கள் இடத்தில் எப்படி?

ஆய்வக வேதியியலர், சுத்திகரிப்பு நிலையம்:

அக்கா, எங்களிடம் கழிப்பறை இருக்கிறது. லேபில் பெண்களும் நிறையப் பேர். ஆனால் எல்லோரும் லேபோடு நின்றுவிடுகிறோம். ஆற்றில் புதுவெள்ளம் வந்தால் ஆறு பீக்கரில் கலங்கல் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவில் ஆலம் (படிகாரம்) விட்டு, எதில் அழுக்கு பஞ்சு மாதிரி திரண்டு சீக்கிரம் அடியில் படிகிறது என்று பார்த்து டோஸ் சொல்வது நான். பிளான்ட்டை ஓட்டும் ஷிப்ட் பொறுப்பு மட்டும் ஆண்களுக்கு. “நைட் ஷிப்ட் உனக்கு எதுக்கும்மா” என்பார்கள். வண்டி அனுப்புங்கள், வருகிறேன் என்று எழுதியே கொடுத்துவிட்டேன். பதில் வரவில்லை. என்னோடு சேர்ந்த தோழி இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் இருக்கிறாள். அங்கே ஷிப்டுக்கு வண்டி வருகிறதாம்.

மகளிர் குழுப் பயிற்றுநர்:

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை கற்றுக்கொடுக்கிறோம். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கிறதா என்று கணக்காகச் சொல்லிவிடுவார்கள். ஓர் ஊரில் ஓர் அக்கா கடைசித் தெருக் குழாயில் குளோரினே வரவில்லை என்று கண்டுபிடித்தார். பஞ்சாயத்தில் பாராட்டினார்கள். பிறகு டேங்க் ஆபரேட்டர் வேலை காலியானபோது அவரும் கேட்டார். “ஏணி ஏறணுமே” என்று வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த அக்கா நூறு நாள் வேலையில் வரப்பு கட்டுகிறவர், தென்னந்தோப்பில் வளர்ந்தவர். ஏணி அவருக்கு ஒரு பொருட்டா? இப்போது கிட் பெட்டியைத் திறப்பதே இல்லை.

டிப்ளமோ சிவில், ஒப்பந்த மேற்பார்வையாளர்:

பெண்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் அப்பா சாக்கடைக் குழியில் இறங்கியவர். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013 சட்டம் சொல்கிறது. நான் படித்து வந்தேன். சேர்ந்த அன்று என்னோடு வந்த நால்வரைக் குடிநீர்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள், என்னைப் பாதாளச் சாக்கடைக்கு. அப்பா என்ன வேலை பார்த்தார் என்று விசாரித்த பிறகுதான் அது நடந்தது. மூன்று முறை மாறுதல் கேட்டேன். “உனக்குத்தான் அந்த வேலை பழக்கம்” என்றார்கள். எனக்கு எப்படிப் பழக்கமாகும்? என் தம்பியும் இதே படிப்புதான் படிக்கிறான். இந்தத் துறைக்கு வா என்று அவனிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

உதவிப் பொறியாளர்:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். மாறுதல் மனுக்களின் நகல் கையில் இருக்கிறதா? ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். தொழிற்சங்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், இன்று மாலை அவரிடம் பேசுகிறேன். வேதியியலர் தங்கச்சி, உங்கள் கடிதத்துக்குத் தேதி போட்டு ஒப்புகை வாங்கினீர்களா? வழியில் தண்ணீரை மறுபடி பம்ப் செய்யும் எங்கள் பூஸ்டர் ஸ்டேஷன் ஒன்றிலும் இன்னும் கழிப்பறை இல்லை. போன வாரம்தான் எஸ்டிமேட் அனுப்பினேன். அனுமதி வந்ததும் இங்கே எழுதுகிறேன்.