ஆலை வெளிநாடு போகிறது: பயிற்சி உதவி பெற வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் என் கணவர் வேலை பார்க்கும் வாகன உதிரிபாக ஆலை, உற்பத்தியை மெக்சிகோவுக்கு மாற்றுகிறது. 60 நாள் முன்னறிவிப்புக் கடிதம் வந்துவிட்டது, வார்ப்பு இயந்திரங்களில் இப்போதே ஏற்றுமதிச் சீட்டுகளை ஒட்டிவிட்டார்கள். இத்தகைய தொழிலாளர்களுக்கென்றே 1974ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டத்தின்கீழ் இயங்கிய உதவித் திட்டத்தில், 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்குச் சான்றளிப்பதில்லை. (வேலைகள் வெளியேறுவது மட்டும் நிற்கவில்லை.) ஆகவே, மாநில அரசின் வேலையின்மைப் படியைப் பெற்றுக்கொண்டே, வேலையிழந்தோருக்கான மத்திய அரசு நிதியில், வேலைவாய்ப்பு மையத்தின் வழியாகத் தொழிற்பயிற்சியில் சேர்ந்தவர்கள் இங்கே இருந்தால், அதற்கான ஒப்புதலை வேலை முடியும் முன்பே கேட்க வேண்டுமா, பயிற்சிக் காலத்தில் வாராவாரம் வேலை தேடியதற்குக் கணக்குக் காட்டுவதிலிருந்து விலக்குக் கிடைத்ததா என்பதைத் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.