பழைய மிஷன் பங்களாவில் மாணவர்களுக்கு என்ன செய்து காட்டலாம்?

தேரிமணல்:
திருநெல்வேலிப் பக்கம் 19-ஆம் நூற்றாண்டு பங்களா ஒன்றில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேருக்கு அரைநாள் நிகழ்ச்சி. இடையன்குடியில் மிஷனரியும் தமிழறிஞருமான கால்டுவெல் இருந்த காலத்து வாழ்க்கையைக் கண்முன் காட்டணும். ஒருத்தருக்கு அங்கி மாட்டித் துரையாக நடிக்க விடலாம் என்கிறார்கள். சரிவருமா?

பனங்கருக்கு:
வேஷம் வேண்டாம் அண்ணாச்சி, கைவேலையைக் காட்டுங்க. முதல்ல கருப்பட்டி. மாசி, பங்குனியில வையுங்க; பதநீரும் கிடைக்கும், பள்ளியும் இருக்கும். 10 லிட்டர் காய்ச்சினா ஒரு கிலோ சொச்சம் தேறும். கலயத்துல சுண்ணாம்பு சரியாத் தடவலைன்னா பதநீர் புளிச்சிரும், பாகு இறுகாமக் களியா நிக்கும். அதனால விடியக்காலை இறக்கினதை வெயில் ஏறுமுன்னே அடுப்புல ஏத்திரணும். பொங்கி வந்தா ஆமணக்கு முத்தைப் பொடிச்சுத் தூவுங்க, அடங்கிரும். பாகைத் தண்ணியில ஒரு சொட்டு விட்டா கரையாம உருண்டு நிக்கணும். அப்பத்தான் சிரட்டையில ஊத்தணும். அடுப்பு முற்றத்துல, காத்தோட்டம் பார்த்து. தேக்கு உத்தரத்துக்குக் கீழே தீ கூடவே கூடாது. பிள்ளைகளைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துங்க, பாகு தெறிச்சா தோலோட ஒட்டிக்கும்.

ஊசிநூல்:
லேஸ் பின்னலை விட்டுராதீங்க. கால்டுவெல் 1844-இல் மணந்த எலிசா, நாகர்கோவிலில் மிஷனரிகளாக இருந்த மால்ட் தம்பதியின் மகள். இடையன்குடிப் பெண்களுக்கு இந்த வேலையைக் கொண்டுவந்தவர். அந்த வீட்டுக் கதையில் பெண்கள் வருவது இந்த வழியாகத்தான், எனக்கு இதுவே முக்கியம். கெட்டியாக அடைத்த திண்டு, கோலப்படி துளை குத்திய தாள், குண்டூசி, நூல் சுற்றிய சிறு கட்டைகள் ஆறு ஜோடி போதும். அசைவு இரண்டே: குறுக்கே மாற்றுவது, முறுக்குவது. கட்டைகள் ஒரே எடையில் இல்லாவிட்டால் ஓரம் கோணும். திண்டுக்குக் கறுப்புத் துணி போட்டு, தடித்த வெள்ளை நூலில் பின்னுங்கள். மெல்லிய நூல் பின்வரிசைக்குத் தெரியாது. பழைய லேஸைத் தொடக் கொடுக்காதீர்கள், கை வியர்வையில் மஞ்சள் படியும்.

கொற்கைக்கரை:
பேச்சை 20 நிமிடத்தில் முடியுங்கள், ஆனால் பூசி மெழுக வேண்டாம். கால்டுவெல் 1841-இல் இடையன்குடி வந்தார், 1856-இல் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியானது என்று சொல்லும் அதே மூச்சில், பனையேறும் மக்களைத் தாழ்த்தி 1849-இல் அவர் எழுதியதையும், அதை எதிர்த்து அவர்கள் எழுந்ததையும் சொல்லுங்கள். துரை வேஷத்தில் அதைச் சொல்ல முடியாது. 40 பேரை நாலு குழுவாகப் பிரித்து, கருப்பட்டிப் பாகு பதத்துக்கு வரும் நேரத்துக்கு மட்டும் எல்லாரையும் முற்றத்துக்கு அழையுங்கள்.