1996–98 பே பில் (சம்பளப் பட்டியல்) நகல் யாரிடமாவது இருக்கிறதா?

தோழர்களே, நம் முன்னணி தீயணைப்போர் ஒருவர் விரைவில் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர், எனவே பழைய ஓய்வூதியம்தான். ஆனால் அவருடைய பணிப் பதிவேட்டில் 1996 முதல் 1998 வரை பணிச் சரிபார்ப்புக் கையெழுத்து, அதாவது அந்தக் காலத்தில் பணியில் இருந்தார் என்று உறுதிசெய்யும் கையெழுத்து இல்லை. பக்கம் இருக்கிறது, மாறுதல் உத்தரவு எண்ணும் இருக்கிறது. கீழே "சரிபார்க்கப்பட்டது" என்ற வரி மட்டும் விடுபட்டிருக்கிறது. நிலையம் விட்டு நிலையம் மாறும்போது பதிவேடு தாமதமாக வந்து சேர்வதால் இப்படி ஆகிறது. இதோடு ஓய்வூதிய முன்மொழிவை அனுப்பினால் மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து குறிப்போடு திரும்பிவிடும்; பணிக்கொடையும் அதோடு நிற்கும்.

தென் மாவட்ட நிலையங்களில் அப்போது எழுத்து வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் தேடிப் பாருங்கள். அவர் அப்போது பணியில் இருந்ததைக் காட்ட வேண்டியது பே பில் அல்லது அக்விட்டன்ஸ் ரோல் (சம்பளம் பெற்றதற்குக் கையெழுத்திடும் பட்டியல்) நகல், எந்த மாதமானாலும் சரி. கிடைக்காவிட்டால், அவரோடு ஒரே ஷிப்டில் இருந்த இருவர் எழுத்துமூலம் வாக்குமூலம் தர முடியுமா? பெயர், நிலைய விவரத்தைப் பொதுவில் போட வேண்டாம், தனிச்செய்தியில் கேளுங்கள்.

ஏப்ரல் 14 நீத்தார் நினைவு நாள் அணிவகுப்புக்கு வருபவர்கள் நகலைக் கையிலேயே கொண்டுவரலாம். அப்படியே உங்கள் பதிவேட்டில் வாரிசு நியமனப் பக்கத்தையும் (நாமினி பெயர் எழுதும் பக்கம்) ஒருமுறை பார்த்துவிடுங்கள். திருமணத்துக்கு முன் எழுதியது பலருக்கும் மாற்றாமலே கிடக்கிறது.