தேர்தல் வைத்தால் துப்பாக்கி ஓயுமா?

கேள்வி (நெடுஞ்செழியன்_87):
ஜனநாயகத் தேர்தல் வந்தால் தீவிரவாதம் குறையும் என்கிறார்கள். 2005 ஜனவரியில் ஓட்டுப் போட்ட இராக் அதற்குப் பிறகு இன்னும் மோசமாகத்தானே போனது? நம் நாட்டில் எங்காவது பலித்திருக்கிறதா?

பதில் (மலைச்சாரல்):
மிசோரமில் பலித்தது. ஆனால் அங்கே தேர்தல் கடைசிப் படி. 1966-ல் ஆயுதம் தூக்கிய மிசோ தேசிய முன்னணி, 1986 ஜூன் 30-ல் ஒப்பந்தம் போட்டது. ஆயுத ஒப்படைப்பு, இந்தியச் சட்டத்துக்கு ஒத்துவரும்படி கட்சி விதிகளைத் திருத்துவது எல்லாம் அதில் உண்டு. காங்கிரஸ் முதல்வர் லால் தன்ஹாவ்லா நாற்காலியை முன்னணித் தலைவர் லால்டெங்காவுக்கு விட்டுக்கொடுத்து, துணை முதல்வராக உட்கார்ந்தார். ஓட்டு அதற்கப்புறம்தான், 1987 பிப்ரவரி 16-ல். முன்னணிக்கு 40-க்கு 24.

பதில் (கணக்குப்பிள்ளை):
அதே 1987, ஐந்தே வாரம் கழித்து, மார்ச் 23: ஜம்மு காஷ்மீர். ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய முக்கால்வாசி. கூட்டம் வராதது அங்கே பிரச்சினை இல்லை, ஓட்டை எண்ணிய விதம்தான் பிரச்சினை. எதிரணியான முஸ்லிம் ஐக்கிய முன்னணிக்கு 76 இடத்தில் கிடைத்தது 4. முறைகேடு நடந்ததைப் பின்னாளில் பலரும் ஒப்புக்கொண்டார்கள். ஸ்ரீநகர் அமிரா கதல் தொகுதியில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட யூசுப் ஷாதான் பிற்பாடு ஆயுதக் குழுவான ஹிஸ்புல் முஜாஹிதீனின் தலைவர் சையத் சலாஹுதீன். அவருக்குத் தேர்தல் வேலை பார்த்த யாசின் மாலிக்கும் ஆயுதம் எடுத்தார். தேர்தலே வைக்காமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது என்பது என் கருத்து.

பதில் (வடகரை):
இராக்கில் கோளாறு வேறு. 275 இடத்துக்கும் முழு நாடே ஒரே தொகுதி. சுன்னிகள் புறக்கணித்தார்கள், அன்பார் மாகாணத்தில் சுமார் 2 சதவீதம்தான் ஓட்டுப் பதிவு. தொகுதிவாரியாக இருந்தால் ஓட்டு குறைந்தாலும் அந்த ஊருக்கென்று ஒரு உறுப்பினர் வந்திருப்பார்; இங்கே அந்த இடங்கள் அடுத்தவர்களுக்குப் போயின. அரசியல் சட்டம் எழுத வேண்டிய அவை அது! டிசம்பர் தேர்தலில் மாகாணவாரியாக இடம் ஒதுக்கினார்கள், சுன்னிகளும் திரண்டு வந்தார்கள். ஆனால் 2006 பிப்ரவரியில் ஷியாக்களின் புனிதத் தலமான சமாரா மசூதியில் குண்டு வெடித்ததும் நிலைமை கைமீறிவிட்டது.

நெடுஞ்செழியன்_87:
அப்படியானால் ஜெயிக்க விட்டதால்தான் மிசோரம் அடங்கியதா?

மலைச்சாரல்:
இல்லை, தோற்றபோதும் அடங்கியே இருந்தது. 1988-ல் கட்சித் தாவலால் லால்டெங்கா ஆட்சி கவிழ்ந்தது. 1989 தேர்தலில் காங்கிரஸ் வந்தது. யாரும் காட்டுக்குத் திரும்பவில்லை. 1998-ல் அதே முன்னணி ஓட்டு வாங்கியே மறுபடி ஆட்சிக்கு வந்தது, முன்னாள் போராளி சோரம்தங்கா முதல்வர்.