பிடிபி1பி என்சைமோடு உங்கள் அனுபவம் என்ன?

மஞ்சள்_தட்டு:

மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடாத என்சைமைப் பற்றி எழுதுகிறேன். இன்சுலின் செல்லின் மேல் உள்ள ஏற்பியில் வந்து ஒட்டியதும், ஏற்பியில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஏறும். "சர்க்கரையை உள்ளே எடு" என்ற சேதி அங்கிருந்துதான் புறப்படுகிறது. அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிச் சேதியை அணைப்பது பிடிபி1பி. இதற்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் இன்சுலின் இன்னும் நன்றாக வேலை செய்தது, கொழுப்புத் தீனி போட்டும் அவை பெருக்கவில்லை என்று 1999-இல் வந்த கட்டுரையைப் படித்த நாளிலேயே இதில்தான் பிஎச்டி என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் வாங்கியது ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த மனித என்சைம். முழு நீளம் 435 அமினோ அமிலம். என்னிடம் இருப்பது வினை செய்யும் பகுதி மட்டும், 1 முதல் 321 வரை. மீதி வால், செல்லுக்குள் எண்டோபிளாச வலையில் மாட்டிக்கொள்ள உதவுவது. குழாயில் அதற்கு வேலையில்லை.

திங்கட்கிழமை, பாஸ்பேட் கழன்றால் மஞ்சளாகும் பிஎன்பிபி என்ற பொருளைச் சேர்த்த பத்து நிமிடத்தில் தட்டு முழுக்க நல்ல மஞ்சள். சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி நிறுத்தி, 405 நானோமீட்டரில் ரீடிங் எடுத்தபோது அவ்வளவு சந்தோஷம். புதன்கிழமை வெளிர் மஞ்சள். வெள்ளிக்கிழமை தண்ணீர் மாதிரி இருந்தது. புதுக் குப்பி எடுத்து நீர்த்தேன், அதுவும் மறுநாளே சோர்ந்துவிட்டது. விற்றவர்கள் மேல் சந்தேகப்பட்டேன், பிப்பெட்டின் மேல் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் கையின் மேலேயே சந்தேகம் வந்து லேபில் உட்கார்ந்து அழுதேன்.

காரணம் பஃபர். ஒரு வாரம் முன்பே, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடி என்ற பொருளைச் சேர்த்துக் கலக்கி, மேசையிலேயே வைத்திருந்தேன். அதில் நீர்த்த என்சைமைத்தான் ஃபிரிட்ஜில் வைத்து வைத்துப் பயன்படுத்தினேன். பிஎச் 7.5-இல், 20 டிகிரியில், டிடிடியில் பாதி சுமார் 10 மணி நேரத்தில் போய்விடும். எங்கள் லேபில் மதியம் 30 டிகிரி. இந்த என்சைமின் உயிர் 215-ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் இருக்கிறது. அதன் கந்தகம் எப்போதும் எதிர்மின்னேற்றத்தோடு பாய்வதற்குத் தயாராக நிற்பதால்தான் பாஸ்பேட்டை அவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது. அப்படி நிற்பதாலேயே ஆக்சிஜனேற்றமும் முதலில் அதைத்தான் பிடிக்கிறது. டிடிடி காவலுக்கு இல்லையென்றால் முடிந்தது கதை.

நேற்று புதிதாக டிடிடி எடைபோட்டு, 5 மில்லிமோலார் சேர்த்து, அரைமணி நேரம் ஐஸில் வைத்தேன். மஞ்சள் திரும்பி வந்தது! முன்பிருந்ததில் முக்கால் பங்குதான். ஆக்சிஜனேற்றம் முதல் படியில் நின்றிருந்தால் டிடிடி மீட்டுவிடும், அதைத் தாண்டிவிட்ட மூலக்கூறுகள் திரும்பாது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

வேர்_இலை:

அக்கா, உங்களைக் காப்பாத்தின அதே டிடிடிதான் என்னைக் கவுத்துச்சு. நான் மூலிகைச் சாறுல நீரிழிவுக்கு ஏதாவது கிடைக்குமான்னு தேடுறவன். எங்க ஊர்ப் பக்கம் கஷாயமா குடிக்கிற ஒரு இலை, பேர் இப்ப வேண்டாம். அதோட சாறு சொட்டு விட்டதும் பிடிபி1பி அப்படியே படுத்துடுச்சு. கைடு முதுகுல தட்டிக் கொடுத்தார். கட்டுரைக்குத் தலைப்புகூட யோசிச்சுட்டேன்.

ஒரு கருத்தரங்குல போஸ்டர் முன்னாடி நின்ன ஒரு அம்மா, "கேட்டலேஸ் சேர்த்துப் பார்த்தியாப்பா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அது ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கிற என்சைம். திரும்பி வந்து சேர்த்தேன். தடுப்பு மொத்தமும் காணாமப் போச்சு. விஷயம் என்னன்னா, செடியில இருக்கிற குயினோன் மாதிரி பொருள்கள் டிடிடி இருக்கிற பஃபர்ல சுத்திச் சுத்தி வினைபுரிஞ்சு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அந்தப் பெராக்சைடுதான் நீங்க சொன்ன 215-ஆம் சிஸ்டீனைக் கெடுத்திருக்கு. என் இலை நேரா என்சைமைத் தொடவே இல்ல. கேட்டலேஸ் பெராக்சைடை உடைச்சதும் என்சைம் பழையபடி ஓட ஆரம்பிச்சுடுச்சு.

எட்டு மாசம் போனது வலிக்குதுதான். ஆனா அந்தக் கேள்வியை அவங்க கேட்காம இருந்திருந்தா, பொய்யான ஒண்ணை அச்சுல ஏத்தியிருப்பேன். அதை நினைச்சா இன்னும் பயமா இருக்கு. இப்ப எந்தச் சாறு வந்தாலும் கேட்டலேஸோட ஒரு வரிசை, 0.01 சதவீதம் டிரைட்டன்ங்கிற சோப்பு மாதிரி பொருளோட ஒரு வரிசை கட்டாயம் வைப்பேன். சில பொருள்கள் தண்ணியில திரண்டு என்சைமை மேல ஒட்டிக்கிட்டுத் தடுக்கிற மாதிரி காட்டும், டிரைட்டன் போட்டா அந்தத் திரள் கலைஞ்சுடும். அப்புறம், என்சைமே போடாம சாறு மட்டும் ஊத்தின குழியும் வேணும். பல சாறுக்கு இயல்பாவே மஞ்சள் நிறம், 405-ல ஏமாத்திடும்.

ஐஸ்_வாளி:

என்னுடையது சின்ன அனுபவம். செல்களை உடைத்த சாற்றில் டைரோசின் பாஸ்பேட் கழன்றுவிடுமா என்று காட்ட இதே என்சைமைச் சேர்த்தேன். ஒரு மணி நேரம் ஆகியும், டைரோசின் பாஸ்பேட்டைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பட்டை அப்படியே இருந்தது. உடைக்கும் பஃபரில் ஆர்த்தோவனடேட் போட்டிருந்ததை மறந்தே போனேன். இந்த என்சைமைத் தடுக்கத்தானே அதைப் போடுகிறோம்! உலோகங்களைப் பிடிக்கும் ஈடிடிஏ சேர்த்ததும் அது வனடேட்டைப் பிடித்துக்கொண்டது, என்சைம் விடுபட்டது. பெர்வனடேட் என்றால் இது பலிக்காது, அது சிஸ்டீனையே ஆக்சிஜனேற்றி நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

இன்னொன்று, பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் நீர்க்காதீர்கள். அதில் உள்ள பாஸ்பேட் இந்த என்சைமின் விளைபொருள், போட்டிக்கு வந்து என்சைமின் வினைக்குழியில் உட்காரும். நான் பாஸ்பேட் இல்லாத ஹெப்பெஸ் பஃபரைத்தான் பயன்படுத்துகிறேன்.

பழைய_கை:

உங்கள் மூவரின் பதிவையும் படித்தபோது மனம் நிறைந்தது. இந்த நொதி இன்று ஒரு குப்பியில் வந்து இறங்குகிறது. 1988-இல் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், டோங்க்ஸ், டில்ட்ஸ், ஃபிஷர் மூவரும் இதை மனித நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும்தான் செல்லின் கட்டுப்பாடு என்று காட்டியதற்கு ஃபிஷருக்கும் கிரெப்ஸுக்கும் 1992-இல் நோபல் கிடைத்தது. 1994-இல் படிக வடிவம் தெரிந்தது. அந்தப் படத்தில் சிஸ்டீன் எவ்வளவு ஆழமான குழியின் அடியில் இருக்கிறது என்று பார்த்தால், ஏன் இது பாஸ்போடைரோசினை மட்டும் தேர்ந்தெடுக்கிறது என்பது புரியும். பாஸ்போசெரின் அவ்வளவு ஆழம் எட்டாது.

என் அனுபவம் டி181ஏ மாற்றுருவோடு. 181-இல் உள்ள ஆஸ்பார்டிக் அமிலத்தை அலனினாக்கினால், நொதி இரையைப் பிடிக்கும், ஆனால் வெட்டி விடாது. வலை போல வீசி, செல்லுக்குள் இது யாரைத் தொடுகிறது என்று பார்க்கலாம். முதல் முறை வீசியபோது ஒன்றும் மாட்டவில்லை. ஐஸ்_வாளி சொன்ன அதே வனடேட்தான் காரணம், எனக்கும் அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. குழியை வனடேட் அடைத்துவிட்டால் இரை எங்கே நுழையும்? அதன் பிறகு உடைக்கும் பஃபரில் அயோடோஅசெட்டிக் அமிலம் போட்டு, பாஸ்பேட்டைக் கழற்றும் செல்லின் சொந்த நொதிகளைச் செயலிழக்கச் செய்து, மிச்சத்தை டிடிடியால் தணித்துவிட்டுத்தான் மாற்றுருவைச் சேர்த்தேன்.

மஞ்சள்_தட்டுக்கு ஒரு வார்த்தை அம்மா. குப்பி வந்த அன்றே, ஒரு நாள் வேலைக்கு எவ்வளவோ அந்த அளவில் பிரித்து மைனஸ் 80-இல் வைத்துவிடுங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம்.

மஞ்சள்_தட்டு:

நன்றி ஐயா. மீதி இரண்டு குப்பிகளையும் இன்று மாலையே 10 மைக்ரோலிட்டராகப் பிரித்துவிட்டேன். தம்பி, உன் கேட்டலேஸ் வரிசையை நாளைக் காலை என் மூன்று சேர்மங்களோடும் ஓட்டுகிறேன். அதில் இரண்டு குயினோன்தான், இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. எண்கள் எப்படி வந்தாலும் இங்கேயே போடுகிறேன்.